இருபத்து மூன்றாம் எண் பை

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்திலிருந்து தீபா போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். அடையாற்றில், மூன்றாவது மாடியில், ஐம்பத்து நான்கு படிகளுக்கு மேலே நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர்தான். லிஃப்ட் உண்டு. நான் இருந்த முப்பத்து மூன்று வருடத்தில் பாதிக்கு மேல் அது ஓடவில்லை.

"ஆண்டு மலர் போடறோம் சார். மக்கும் பிளாஸ்டிக்ல சேர்மானம் சேர்த்துச் சேர்த்து நீங்க பையை நிக்க வெச்சீங்களே, அந்தக் கதைய எழுதிக் குடுங்க. நாலு பக்கம் போதும். புதுசா சேர்ந்தவங்க படிக்கப் போறாங்க, கொஞ்சம் நம்பிக்கையா இருக்கட்டும்" என்றார்.

நாலு பக்கம் தரலாம். நம்பிக்கைக்கு நான் பொறுப்பேற்க முடியாது. இதைப் படித்த பிறகு மலரில் போடுவதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

என் முப்பத்து மூன்று வருடத்தில் முதல் இருபத்தைந்தை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் சாகாமலிருக்க என்ன சேர்க்க வேண்டும் என்பது என் வேலை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வெயிலில் வெடிக்கக்கூடாது, நாற்காலி மஞ்சளாகக்கூடாது, குழாய் நொறுங்கக்கூடாது. அதற்கெல்லாம் பொடிகள் உண்டு, நூற்றுக்கு அரை, நூற்றுக்குக் கால் என்று அளவுகள் உண்டு. பிறகு பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. மறுவாரமே எங்கள் வேலை தலைகீழானது. அதே இயந்திரம், அதே தராசு, அதே நான். இப்போது சாகிற பிளாஸ்டிக் வேண்டும். ஆனால் கடையில் இருக்கும்போது சாகக்கூடாது, வாங்கியவர் வீட்டுக்குப் போகும் வழியில் சாகக்கூடாது, தூக்கி எறிந்த பிறகுதான் சாக வேண்டும். இப்படி ஒரு நல்ல பிள்ளையை நான் மனிதர்களிலேயே பார்த்ததில்லை.

தி. நகரில் அலுவலகம் வைத்திருந்த குமரேசன் எங்களிடம் வந்தார். தடைக்கு முன்பு சாதாரணப் பைகள் செய்தவர். தொழிற்சாலையில் நாற்பத்தாறு பேர். "அத்தன பேரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது சார், மண்ணுல மக்கற பை ஒண்ணு பண்ணிக் குடுங்க" என்றார். கெட்டவர் இல்லை. இதில் கெட்டவர்கள் யாரும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூலப்பொருள் சோளத்திலிருந்து வரும் ஒரு பாலிமர். அதைத் தனியாக மெல்லிய தாளாக இழுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். மரவள்ளி மாவு சேர்த்தால் மண்ணிலுள்ள கிருமிகளுக்குப் பிடிக்கும், ஆனால் மாவும் பாலிமரும் எண்ணெயும் தண்ணீரும் போல ஒட்டாது. ஒட்டுவதற்கு ஒரு இணைப்பான். வளைவதற்குக் கிளிசரின். கிளிசரின் போட்டால் சென்னைக் காற்றில் பை வியர்க்கும், கையில் பிசுபிசுக்கும். அதை அடக்க டால்க் தூள். டால்க் கூடினால் மறுபடி நொறுங்கும். ஒரு குறையை மூட ஒரு பொடி, அந்தப் பொடி திறந்த குறையை மூட இன்னொரு பொடி. இப்படி ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டே போனோம்.

எங்கள் தலைவி ஹெலன் மேடம். நாகர்கோவில்காரர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தால் ஒரு மர அடிக்கோலை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைப்பார். படிப்பார். அடுத்த வரிக்கு நகர்த்துவார். பன்னிரண்டு பக்கம் இருந்தாலும் ஒரு வரிகூடத் தாண்டமாட்டார். எங்காவது தப்பு இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். அடிக்கோலை அந்த வரியின் கீழே அப்படியே விட்டுவிட்டு எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் தப்பு என்ன என்று நாமே கண்டுபிடித்திருக்க வேண்டும். எனக்குச் சராசரியாகப் பதினொரு நிமிடம் கிடைக்கும். திட்டு வாங்கியிருந்தால் மறந்திருப்பேன். அந்த அடிக்கோல் நின்ற இடங்கள் இன்றும் ஞாபகம் இருக்கின்றன. மொத்தம் நூற்றுப் பதினான்கு இடங்கள்.

"லேப்ல இழுத்துப் பார்த்தா போதாது தணிகாசலம். யார் தூக்கப் போறாங்களோ அவங்க கைல குடுங்க" என்று மேடம் சொன்னதால்தான் நான் லூர்து மேரியிடம் போனேன். பட்டினப்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டிய சாலையோரம் மீன் விற்பவர். நான் மந்தைவெளியில் குடியிருக்கிறேன். பல வருடமாக ஞாயிற்றுக்கிழமை மீன் அவரிடம்தான். அவர் வரிசையில் முப்பத்தேழு கடைகள். மீனைவிடக் கடினமான பரீட்சை பைக்குக் கிடையாது. தண்ணீர், ஐஸ், உப்பு, முள், பாரம் எல்லாம் ஒரே நேரத்தில்.

முதலில் ஒன்பதாம் எண்ணைக் கொண்டுபோனேன். ஒரு கிலோ சங்கராவைப் போட்டுத் தூக்கினார். ஏழாவது நிமிடம் அடி கழன்று மீன் சாலையில் விழுந்தது. பக்கத்துக் கடைக்காரம்மாக்கள் சிரித்த சிரிப்பில் காகங்கள் எழுந்து பறந்தன.

"இன்னா நைனா இது, பையா, ஊறவெச்ச அப்ளமா? மீனு குதிச்சு கடலுக்கே போய்க்கினு கீது பாரு!"

"அடுத்த வாரம் வேற கொண்டாறேம்மா."

"கொண்டா, கொண்டா. போணியாவலன்னா உன் பைய காட்டியாவது நாலு பேர சிரிக்க வெக்கிறேன்."

பதினேழாம் எண் தண்ணீரைத் தாங்கியது. ஆனால் சங்கராவின் முதுகு முள் குத்தி மூன்று இடத்தில் கிழிந்தது. பிறகுதான் சங்கிலி இணைப்பான் என்ற ஒரு சேர்மானத்துக்கு வந்தோம். பாலிமர் என்பது நீளச் சங்கிலி. சூட்டில் இழுக்கும்போது அது அங்கங்கே அறும். இந்தச் சேர்மானம் அறுந்த நுனிகளைப் பிடித்து முடிச்சுப் போடும். நூற்றுக்கு அரைக்கும் குறைவாகப் போட்டாலே போதும். அதோடு மாவின் மேல் தண்ணீர் ஏறாமல் ஒரு பூச்சும் கொடுத்தோம். அது இருபத்து மூன்றாம் எண்.

இரண்டு கிலோ மீன், ஐஸ், தண்ணீர். நாற்பது நிமிடம் கையில் கடிகாரத்தோடு நின்றேன். ஒரு சொட்டு விழவில்லை. லூர்து மேரி பையைத் தலைக்கு மேலே தூக்கி வரிசைக்கே காட்டினார். "ஏ, பாருங்கடி! சார் பாசாயிட்டாரு!" அன்றைக்கு எனக்கு ஐம்பத்தாறு வயது. அப்படி ஒரு சந்தோஷத்துக்கு வெட்கப்பட வேண்டிய வயது. நான் வெட்கப்படவில்லை.

இனி மக்குகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த முறையைப் புதியவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஒன்பது கண்ணாடி ஜாடிகள். மூன்றில் வெறும் எரு, அது தானாக விடும் வாயுவைக் கழிப்பதற்கு. மூன்றில் எருவும் செல்லுலோஸ் தூளும், அதாவது கட்டாயம் மக்கும் என்று தெரிந்த பொருள். மூன்றில் எருவும் நம் பைத் துண்டுகளும். ஒன்பதையும் 58 டிகிரி அறையில் வைக்க வேண்டும். கிருமிகள் தின்றால் கரியமில வாயு வெளியே வரும். அதைக் காரக் கரைசலில் பிடித்துக்கொள்ள வேண்டும். மிச்சமிருக்கும் காரத்தில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறங்காட்டியால் வந்த கரைசலின் இளஞ்சிவப்பு எந்தச் சொட்டில் போகிறதோ அந்த இடத்தில் நிறுத்தி, எவ்வளவு அமிலம் என்று எழுத வேண்டும். செல்லுலோஸ் விடும் வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைப் பை 180 நாளுக்குள் விட்டுவிட்டால் அது மக்கும் பை. உலகம் ஒப்புக்கொண்ட முறை. நான் ஒரு சொட்டுகூட ஏமாற்றியதில்லை.

அப்பளமாய் ஊறிய ஒன்பதாம் எண் 96 நாளில் தேறியது. பதினேழாம் எண்ணுக்கு 139 நாள். லூர்து மேரியிடம் பாஸான இருபத்து மூன்றாம் எண்ணுக்கு 171 நாள்.

இந்த மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நானே எழுதினேன். அவை சொன்னதை நான் கேட்கவில்லை. நாங்கள் சேர்த்த ஒவ்வொரு பொடியும் தண்ணீரை உள்ளே விடாமல் பைக்குப் பலம் கொடுத்தது. தண்ணீர் போகாத இடத்துக்குக் கிருமியும் போகாது. மீனுக்குத் தாங்குகிற அதே குணம்தான் மண்ணுக்கும் தாங்கும்.

"ஒம்பது நாள்ல தப்பிச்சிருக்கு" என்று மட்டும் மேடம் சொன்னார். அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். அறிக்கை சரிதான். இன்றைக்கும் சரிதான்.

தப்பு வேறு இடத்தில் நடந்தது. பையில் என்ன அச்சடிப்பது என்று குமரேசன் ஒரு வாசகம் அனுப்பினார். அதற்கு எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஆட்சேபணை இல்லை என்று நான் ஒரு கடிதம் தர வேண்டும். நாங்கள் முதலில் எழுதிக் கொடுத்தது, "58 டிகிரி வெப்பமுள்ள உரக்கூடத்தில் 180 நாளில் மக்கும்" என்பது. அவர் திருப்பி அனுப்பியது, "180 நாளில் மண்ணோடு மண்ணாகும்" என்பது. சின்னப் பையில் இரண்டு வரிக்குத்தான் இடமாம். ஒரு வரி அவர் கம்பெனி பெயருக்கு.

அதை மேடத்திடம் வைத்தேன். அந்த ஒரே வரியின் கீழே அடிக்கோலை வைத்துவிட்டு காபிக்குப் போய்விட்டார்.

என்ன குறை என்று எனக்குத் தெரியும். 58 டிகிரி காணோம். ஆனால் அப்போது சித்திரை மாதம், கத்திரி வெயில். என் மனசில் ஒரு கணக்கு ஓடியது. இந்த ஊரில் 58 டிகிரிக்கு உரக்கூடம் எதற்கு? மறுநாள் மத்தியானம் ஆய்வுக்கூடத்து வெப்பமானியை எடுத்துக்கொண்டு பட்டினப்பாக்கம் மணலுக்குப் போனேன். செருப்பையும் மீறி உள்ளங்கால் கொப்பளித்தது. மூன்று இடத்தில் அளந்தேன். 57, 58, 59. சராசரி 58. என் வாழ்க்கையில் இவ்வளவு அழகாக ஒரு சராசரி வந்ததே இல்லை. நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

மேடத்திடம் காட்டினேன்.

"எத்தன மணிக்கு அளந்தீங்க?"

"ஒன்றரைக்கு மேடம்."

"எவ்வளவு ஆழத்துல?"

"மேலதான்."

"பை மேலயே கிடக்குமா? நூத்தி எண்பது நாளும், ராத்திரி பகலும், ஒன்றரை மணியாவே இருக்குமா?"

நோட்டை மூடினேன்.

"ஒரு சாண் தோண்டி அளந்துட்டு வாங்க. சாதா மண்ணுல புதைச்சும் ஒரு சோதனை வைங்க. நான் ஊருக்குப் போறேன், தங்கச்சி பொண்ணு கல்யாணம். நாலு நாள். வந்து பேசுவோம்."

அடிக்கோல் அந்தக் காகிதத்தின் மேலேயே இருந்தது. அப்படியே அதை என் மேஜைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

ஒரு சாண் தோண்ட இரண்டு நிமிடம் ஆகும். நான் தோண்டவில்லை. ஏன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். சோம்பல் இல்லை. என்ன எண் வரும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான்.

மூன்றாம் நாள் குமரேசன் வந்தார். லிஃப்ட் ஓடவில்லை. ஐம்பத்து நான்கு படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சார், அச்சுக்கு பிளாக் வெட்டியாச்சு. நாற்பத்தாறு பேரும் மெஷின் முன்னால சும்மா உட்கார்ந்திருக்காங்க. ஒரு வரி சார். ரிப்போர்ட்ல 58 இருக்குல்ல, யார் கேட்டாலும் ரிப்போர்ட்ட காட்டப் போறோம். பையில எதுக்கு? மீன் வாங்கறவங்க தெர்மாமீட்டர் வெச்சா பாக்கப் போறாங்க?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அடிக்கோலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆட்சேபணை இல்லை.

மேடம் திரும்பி வந்து கடித நகலைப் பார்த்தார். என் மேஜையிலிருந்த அடிக்கோலை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்துத் தன் இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என் அறிக்கைகளை அடிக்கோல் இல்லாமலே படித்தார். வேகமாகப் படித்தார். எங்கும் நிற்கவில்லை. நூற்றுப் பதினான்கோடு கணக்கு நின்றுபோனது. இரண்டு வருடத்தில் அவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். விடைபெறும்போதுகூட அதைப் பற்றிப் பேசவில்லை. அதைப் பற்றிப் பேச நானும் அவருக்குப் போன் செய்ததில்லை.

பைகள் கடைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை லூர்து மேரி என் மீனை அந்தப் பையில்தான் போட்டுக் கொடுத்தார்.

"சார், இதுல இன்னா எய்திக்கீது?"

"180 நாள்ல மண்ணாயிடும்னு."

"நெசமாவா? பழைய பையெல்லாம் சாக்குல கட்டிக் கட்டி கார்ப்பரேசன் வண்டி வர்ற வரிக்கும் காத்துக்கினு கெடந்தோமே. இத்த அப்டியே போட்ரலாமா?"

"போடலாம்."

"பின்னாடி கால்வாயில போட்டா?"

"அதுவும் மண்ணாயிடும்மா."

அறிக்கையில் இல்லாத, கடிதத்தில்கூட இல்லாத ஒரு வாக்கியம். யாரும் என்னைக் கேட்டு வற்புறுத்தவில்லை. பையும் நானும் பாஸாகியிருந்தோம், அந்த நினைப்பில் சொன்னேன். லூர்து மேரி அதை வரிசை முழுக்கச் சொன்னார். "நம்ம சார்தான் பண்ணாரு, கால்வாயில போட்டாலும் கரைஞ்சு பூடுமாம்." முப்பத்தேழு கடைக்காரர்களும் சாக்கில் கட்டுவதை விட்டார்கள். சாதாரணப் பிளாஸ்டிக் என்று பயந்திருந்தவரை ஒழுங்காகச் சேர்த்து வைத்தவர்கள் அவர்கள். நல்ல பை என்று நம்பியதும் தூக்கிப் போட்டார்கள். அவர்கள் வீடுகளுக்குப் பின்னால்தான் அந்த மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய மழைக்காலத்தில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. கால்வாய்த் தண்ணீர் கடலுக்குப் போகாமல் திரும்பி வீடுகளுக்குள் ஏறியது. மூன்றாம் நாள் நான் போனபோது லூர்து மேரியின் வீட்டில் சுவரில் கோடு தெரிந்தது. இடுப்பு உயரம். ஐஸ் பெட்டி மிதந்துபோய்க் கதவில் முட்டி உடைந்திருந்தது. மெத்தை, அரிசி, மாதா படம் எல்லாம் சாலையில் காய்ந்தன. அவர் கணவர் அந்தோணியும் இன்னும் சிலரும் மதகில் இறங்கிக் கடப்பாரையாலும் கையாலும் அடைப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தது எல்லாம் பைகள். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சேறு பூசி, பாய் மாதிரி வந்தன. நான் எண்ண ஆரம்பித்தேன். நானூற்று முப்பது வரை எண்ணினேன். அந்தோணி ஒரு கற்றையை இழுத்துப் போட்டபோது அதிலிருந்து ஒன்று பிரிந்து என் காலடியில் விழுந்தது. செருப்பால் சேற்றைத் துடைத்தேன். "180 நாளில் மண்ணோடு மண்ணாகும்." பச்சை எழுத்து மங்கக்கூட இல்லை. ஓரத்தில் தயாரிப்பு எண். இரண்டு வருடத்துக்கு முந்தையது. அதற்குப் பிறகு எண்ணிக்கை விட்டுப்போனது. திரும்ப ஆரம்பிக்க முடியவில்லை. வாழ்க்கையில் எனக்கு அப்படி நடந்தது அது ஒரு முறைதான்.

லூர்து மேரி பக்கத்தில் வந்து நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"பாரு சார், பழைய பிளாஸ்டிக்கு இன்னா வேல பண்ணிக்கீது பாரு. உன் பை வந்திச்சோ தப்பிச்சோம். இல்லன்னா கூரை வரிக்கும் ஏறியிருக்கும்."

சொல்லியிருக்க வேண்டும். "ஆமாம்மா" என்று சொன்னேன்.

ஓய்வுபெற்ற மறுவாரம் மொட்டை மாடியில் ஒரு சிமென்ட் தொட்டியில் தோட்டத்து மண் நிரப்பி, இருபத்து மூன்றாம் எண் பையை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, இருபது துண்டுகள் புதைத்தேன். மேடம் கேட்ட சோதனை. ஆறு வருடம் தாமதம். தினமும் காலையில் ஒரு சாண் ஆழத்தில் அளந்தேன். 29, 30, 31. கத்திரியில் ஒரு நாள் 34. ஒரு நாளும் 35 வரவில்லை. அந்தச் சோள பாலிமரின் சங்கிலிகள் அறுபது டிகிரிக்கு அருகில் போனால்தான் அசைய ஆரம்பிக்கும் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே அவை உறைந்து கிடக்கும், தண்ணீர் உள்ளே போகாது. இது எனக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

180ஆம் நாள் தோண்டினேன். இருபது துண்டுகள் புதைத்தேன், இருபதும் இருந்தன. 360ஆம் நாள் தோண்டினேன். இருபத்தேழு இருந்தன. கிருமிகள் மாவை மட்டும் தின்று துளை போட்டிருந்தன. எடுக்கும்போது சில துண்டுகள் உடைந்து இரண்டாகவும் மூன்றாகவும் ஆகிவிட்டன. ஒரு வருடம் மண்ணில் கிடந்து எண்ணிக்கை கூடியிருந்தது.

குமரேசனுக்கு மூன்று கடிதம் எழுதினேன். என் ஆட்சேபணை இல்லை என்பதைத் திரும்பப் பெறுகிறேன் என்று. மூன்றாவதற்குப் போனில் பதில் வந்தது. "சார், சர்டிபிகேட் சரியாத்தானே இருக்கு? நீங்க ரிட்டயராயிட்டீங்க. உடம்ப பாத்துக்குங்க." மரியாதையாகத்தான் பேசினார். பை இன்றும் ஓடுகிறது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லூர்து மேரியிடம் போனேன். கூட்டம் குறையும்வரை நின்றேன். இருபத்தேழு துண்டுகளையும் ஒரு டப்பாவில் எடுத்துப் போயிருந்தேன். டப்பாவைத் திறந்து காட்டி எல்லாம் சொன்னேன். மணல், வெப்பமானி, கடிதம், மதகில் வந்த பையின் எண்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்போ என் வூட்டுக்குள்ள தண்ணி வந்தது உன் பையாலன்னு சொல்ற."

"ஆமாம்மா."

"அன்னிக்கு மதகாண்டயே உனுக்குத் தெரியும்."

"தெரியும்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளைப் பார்த்தார். திரும்ப உள்ளே போட்டார்.

"சரி. சொல்லு. இத்த எங்க போடணும்?"

"58 டிகிரி சூடு இருக்கற உரக்கூடத்துல."

"அது எங்க கீது?"

எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்திருந்தேன். குப்பை வண்டியில் ஈரக் குப்பையோடு போட்டால் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள். பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் கொடுத்தால், இது கலந்தால் மற்றதும் கெட்டுப்போகும் என்று வாங்க மறுக்கிறார். எங்கள் ஆய்வுக்கூடத்து அறையில் 58 டிகிரி இருக்கிறது. ஒன்பது ஜாடி வைக்க இடமிருக்கிறது.

"தெரியலம்மா" என்றேன்.

"இன்னா படிச்ச நீ?" என்றார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு வரிசைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏ ரீட்டா! பைய கால்வாயில போடாதீங்கடி! எல்லாத்தையும் சேத்து வைங்க, ஞாயித்துக்கெயம சார் வந்து எடுத்துக்குனு போவாரு!"

என்னிடம் திரும்பினார். "எங்க போடறதுன்னு தெரியிற வரிக்கும் நீயே வெச்சுக்கோ."

வாடிக்கையாளர்கள் திருப்பித் தருவதும், கடையில் கிழிந்ததும், கால்வாயோரம் பொறுக்குவதும் லூர்து மேரியின் கடையில் ஒரு சாக்கில் சேர்கின்றன. ஒரு ஞாயிறும் அவர் தவறவில்லை. நானும் தவறவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மாடிக் குழாயடியில் கழுவி, காயவைத்து, நூறு நூறாகக் கட்டி, பின்னறையில் வைக்கிறேன். கழுவினாலும் மீன் வாசனை போவதில்லை. விருந்தாளிகள் வருவது நின்றுவிட்டது. நாற்பத்தொரு ஞாயிறுகள். இன்று காலை வரை 3,816.

தீபா, இளைஞர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதச் சொன்னீர்கள். ஒரு சாண் தோண்டி அளந்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இதைச் சொன்னால் கேட்பார்கள் என்று நான் நம்பவில்லை. எனக்கும் சொன்னார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மனைவி மங்கை பின்னறைக் கதவைத் திறக்க முடியாமல் தோளால் தள்ளினாள். உள்ளே ஒரு கட்டு சரிந்து கதவை அடைத்திருந்தது. எழுந்துபோய் நானும் தள்ளினேன். திறந்தது.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கப்புறம் நான் இதையெல்லாம் எங்க கொண்டுபோய்ப் போடறது?"

நான் சரிந்த கட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நூறு சரியாக இருந்தது. மேலே வைத்தேன்.